ஆகாத படம்

என் வீட்டுக்காரர் தாணுவுக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று பாறசாலையில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். மனிதர்களைப் பிடிக்கும், தன் படத்துக்குள் அவர்கள் வருவதுதான் பிடிக்காது. ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் எங்களுக்கு ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம், பள்ளிக்கூடத்து குரூப் படம் எல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தாடையைத் தூக்குங்க, சிரிக்காதீங்க, கண்ணை மூடாதீங்க என்று நாள் முழுக்க முகங்களோடு மல்லுக்கட்டுவது சுஜாவாகிய நான். இவர் மத்தியானச் சோறு இறங்கியதும் கேமராவையும் ஸ்டாண்டையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு பொழியூருக்குக் கிளம்பிவிடுவார்.

பொழியூர் என்றால் மொத்த ஊரும் இல்லை. ஆறு கடலில் விழுகிற பொழிமுகத்திலிருந்து தெற்கே, கல் கொட்டி வைத்திருக்கும் இடம் வரைக்கும் ஒரு துண்டுக் கரை. வெற்றிலை போட்டுக்கொண்டு நடந்தால் துப்புவதற்குள் முடிந்துவிடும். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இவருக்கு அந்தக் கரைதான். கோவளம், வர்க்கலை, கன்னியாகுமரி என்று உலகமே வந்து படம் பிடிக்கிற கடலெல்லாம் பக்கத்தில் கிடக்க, இவர் எட்டிப் பார்த்ததில்லை. கேட்டால், “ஒரு இடத்தையே இன்னும் பாத்து முடியல்ல, வேற இடத்துக்கு என்னத்துக்குப் போறது?” என்பார். இவர் குடும்பம் மகாராஜா காலத்திலிருந்து சர்க்கார் கச்சேரியில் எழுத்து வேலை பார்த்த குடும்பம். இவருடைய அக்கா பகவதியம்மாள் எப்போது வந்தாலும், “எங்க வீட்டு ஆம்பிளையளு எல்லாம் ராஜாவுக்குக் குமாஸ்தா. இவன் ஒருத்தன் கடலுக்குக் குமாஸ்தா” என்று சொல்லிவிட்டுத்தான் காப்பி குடிப்பார்.

அந்தக் கரையில் ஆள் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. வள்ளம் தள்ளுகிறவர்கள், வலை உதறுகிறவர்கள், மீனைப் பங்கு வைத்துச் சண்டை போடுகிறவர்கள், பந்தடிக்கிற பிள்ளைகள். போதாக்குறைக்கு மாதா கோயில் ஸ்பீக்கர். இவர் ஸ்டாண்டை ஊன்றிவிட்டு, எல்லோரையும் நகரச் சொல்லி, நகர்கிற வரை நிற்பார். அப்படியும் படத்தின் ஓரத்தில் ஒரு வள்ளத்தின் மூக்கோ ஓட்டுக்கூரையோ தெரிந்தால், பிரிண்ட் போடும்போது அந்த ஓரத்தை வெட்டிவிடுவார். மிச்சமிருப்பது கடல், மணல், வானம்.

ஒரு தடவை திருவனந்தபுரத்தில் இந்தப் படங்களை ஒரு பெரிய ஹாலில் மாட்டிவைத்தார்கள். ஒரு அம்மா ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நின்று “எந்தொரு சாந்தத”, என்ன ஒரு அமைதி, என்று பெருமூச்சு விட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தக் கரையின் நாற்றமும் சத்தமும் எனக்குத் தெரியும். ஆனாலும் படங்கள் அழகுதான். அதை இல்லையென்று சொன்னால் என் வாய் வெந்துபோகும்.

போன கர்க்கடக மாதம், அதாவது ஆடியில், மழை விட்டிருந்த ஒரு காலையில் ஜெசிந்தா ஸ்டூடியோவுக்கு வந்தாள். சந்தையில் நான் வழக்கமாக மீன் வாங்குவது அவளிடம்தான். பொழியூர்க்காரி. அவள் புருஷன் சிஜு வள்ளத்தில் போகிறவன். அன்றைக்குத் தலையில் மீன் பாத்திரம் இல்லை.

“அக்கா, விக்க வந்ததில்ல. சார்ட்ட ஒரு காரியம் கேக்கணும்” என்றாள்.

சிஜுவுக்கு அடிபட்டது எனக்குத் தெரியும். கரைக்குத் திரும்பும்போது அலை வள்ளத்தைக் கவிழ்த்துப்போட்டு, அதன் விளிம்பு அவன் தலையில் அடித்துவிட்டது. மெடிக்கல் காலேஜில் மாதக்கணக்கில் கிடந்து பிழைத்து வந்தான். பிழைத்து வந்தது மட்டும்தான் எனக்குத் தெரியும். மீதியை அவள் நின்றபடியே சொன்னாள்.

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல அக்கா. எல்லாரையும் தெரியும். எனக்க பேரு தெரியும், பிள்ளையளுக்க பேரு தெரியும். வீட்டக் கடல் கொண்டு போனது மட்டும் தெரியாது. அதுக்குப் பிறகுள்ள ஒண்ணுமே மனசில இல்ல. அந்தி சாஞ்சா போதும், ‘வா பிள்ளே, வீட்டுக்குப் போவோம்’னு எந்திச்சிருவாரு. இதாக்கும் நம்ம வீடுன்னு சொன்னா, ‘இது சர்க்காருக்க பிளாட்டுல்லா, எனக்க வீடு கரையிலயாக்கும் இருக்கு’ன்னு சொல்லிட்டு நேரா கடலுக்குள்ள நடப்பாரு.”

அவர்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது ஆள் ஆழத்துக்குத் தண்ணீர். கடல் அந்த வரிசையையே எடுத்துக்கொண்டு வருஷங்கள் ஆகிவிட்டன. சர்க்கார் கட்டிய பிளாட்டில் மற்றவர்களோடு அவர்களும் குடியேறினார்கள். பிள்ளைகள் இரண்டும் வெளியூரில் வேலையில். ஒவ்வொரு அந்தியிலும் அவனைத் தண்ணீரிலிருந்து இழுத்து வருவது இவள் ஒருத்தி, சில நாள் பக்கத்து வீட்டு ஜெயதாஸ் அண்ணன்.

“நான் இல்லாத ஒரு நாளு...” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு வேறு பேச்சுக்கு வந்தாள். “டாக்டர் சொன்னாரு, பழைய வீட்டுக்க போட்டோவும் அது இடிஞ்ச போட்டோவும் காட்டிக் காட்டிப் பையச் சொல்லணும்னு. எங்க கையில உள்ள போட்டோ எல்லாம் மூஞ்சியாக்கும். வீட்டுக்க முன்னால நின்னு எடுத்ததுல கூட வீடு தெரியல்ல, நாங்கதான் அடச்சிட்டு நிக்கோம். சாருதான் நெதமும் வந்து எடுத்தவரு. சார்ட்ட எங்க வீடு இல்லாம இருக்குமா?”

பின்னறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இவர், “தேடிப் பாக்கேன்” என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார். அவள் கண்ணில் தெரிந்த நம்பிக்கையைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. கரையை வெட்டிக் கடலை மட்டும் வைத்திருக்கிற மனிதரிடம் வந்து வீடு கேட்கிறாளே.

அன்று முழுக்க இவர் பிரிண்டுகளைப் புரட்டினார். பெட்டி பெட்டியாகக் கடல். காலைக் கடல், மழைக் கடல், மணலில் கோடு கிழித்துவிட்டுப் போன அலை. ஒரு ஓடு இல்லை, ஒரு சுவர் இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“இத்தன வருஷம் அந்தக் கரையிலயே கிடந்தீங்களே, ஒரு வீடு கூடவா கண்ணில படல்ல?”

“கண்ணில பட்டுது. படத்தில படல்ல” என்றார்.

இப்படிப் பேசினால் என்ன செய்வது? நான் இரண்டு நாள் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவரே என்னைக் கூப்பிட்டார். ஸ்டூடியோவின் பின்னறையில், டியூப்லைட் வைத்த கண்ணாடிப் பெட்டியின் மேல் பழைய நெகட்டிவ் துண்டுகளைப் பரப்பி வைத்திருந்தார். ஃபிலிம் காலத்தில் இவர் கறுப்பு வெள்ளையில் எடுத்தவை. அப்போது எங்கள் குளியலறைதான் டார்க் ரூம். குளிக்க வேண்டுமென்றால் நான் பக்கத்து வீட்டுக்குப் போகவேண்டும்.

“வெட்டினது பிரிண்டிலல்லா சுஜா? நெகட்டிவ்ல எல்லாம் உண்டும்” என்றார்.

பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்து பார்த்தேன். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ், வெள்ளை கறுப்பு, கறுப்பு வெள்ளை. கடலுக்கு வலது ஓரத்தில், இவர் எப்போதும் வெட்டித் தள்ளுகிற அந்த விரல் அகலத்தில், ஒரு வீடு நின்றது. ஓட்டுக்கூரை, பக்கவாட்டில் ஒரு ஜன்னல், கொடியில் துணி. அடுத்த வருஷத்து நெகட்டிவிலும் அதே இடத்தில் அது இருந்தது. அதற்கடுத்ததிலும். இவர் ஒரே இடத்தில் ஸ்டாண்டை ஊன்றுகிறவர் ஆயிற்றே.

அதன் பிறகு கம்ப்யூட்டரில் கிடந்த புதிய படங்களையும் வெட்டுவதற்கு முந்தைய முழு உருவத்தில் எடுத்துப் பார்த்தோம். வருஷா வருஷம் தண்ணீர் அந்த வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஒரு மழைக்காலத்தில் முன்சுவர் இல்லை. அடுத்ததில் பின்சுவர் மட்டும். பிறகு அந்த ஓரமும் கடல்தான், வெட்டுவதற்கு எதுவும் இல்லை. இவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். “நான் இத ஒரு நாளும் பாக்கல்ல” என்றார். எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. நானும்தானே அந்தப் பிரிண்டுகளை ஃபிரேம் போட்டேன்.

முழுப் படங்களையும் பெரிய அளவில் பிரிண்ட் போட்டுத் தீர ஒரு வாரம் ஆனது. கடைசிப் படம் காய்ந்ததும் இவர் ஜெசிந்தாவுக்கு ஃபோன் செய்தார். எடுக்கவில்லை. ஜெயதாஸ் நம்பருக்கு அடித்தார். இந்த ஒரு வாரமும் அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில் இவர் குரல் துக்க வீட்டுக் குரல் மாதிரி ஆகியிருந்தது. அந்தக் குரலில், “ஜெயதாஸே, நம்ம சிஜுவுக்க படம் ஆயாச்சு. ஜெசிந்தாட்ட சொல்லிரணும். நாங்க இப்ப அங்க வாறோம்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் வாய்க்குள் பாதி தமிழ், பாதி மலையாளம் இருக்கும். எது எப்போது வெளியே வரும் என்று சொல்ல முடியாது. படம் ஆயாச்சு என்றால் ஸ்டூடியோவில் பிரிண்ட் தயார் என்று அர்த்தம். மலையாளத்தில் ஒருவனைப் பற்றி ‘படமாயி’ என்றால், ஆள் போய்விட்டான், சுவரில் மாலை போட்ட படமாகிவிட்டான் என்று அர்த்தம். அன்றைக்கு மத்தியானத்திலிருந்து சிஜுவை வீட்டில் காணவில்லை என்பது எங்களுக்குத் தெரியாது.

பிரிண்டுகளையும், இவர் கைவிடாத கேமராவையும் ஸ்டாண்டையும் ஆட்டோவில் வைத்துக்கொண்டு நாங்கள் பிளாட் வாசலில் போய் இறங்கினபோது அழுகைச் சத்தம் கேட்டது. முற்றம் நிறைய பெண்கள். ஜெசிந்தா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள். ஜெயதாஸ் ஓடிவந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சாரே, எங்க ஒதுங்கிக் கிடக்கான்? நீரோடிக் கரைப் பக்கமா?”

“யாரு?”

“சிஜு! நீருதான விளிச்சுச் சொன்னீரு, சிஜு படமாயின்னு!”

நான்தான் ஆட்டோவிலிருந்து ஒரு பிரிண்டை இழுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, “படம்! இந்தப் படம்! வீட்டுக்க படமாக்கும்!” என்று கத்தினேன். யாருக்கும் காதில் விழவில்லை. அந்த நேரம் பார்த்து, கழுத்தில் துண்டும் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையுமாகக் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒருவன் எக்கிப் பார்த்தான். சலூனில் உட்கார்ந்திருந்தவன். அழுகைச் சத்தம் கேட்டுச் சவரம் செய்தவர் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவர, இவனும் பின்னாலேயே வந்திருக்கிறான்.

“யாரு போனது?” என்று கேட்டான் சிஜு.

அழுகை பட்டென்று நின்றது. ஜெசிந்தா எழுந்து அவனை மாறி மாறி அடித்தாள். பிறகு அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அதன் பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

“சாரே, உம்ம வாயில வேற வார்த்த வரல்லியா? பிரிண்டு ரெடின்னு சொன்னா கொறஞ்சா போயிரும்?”

இவர் இரண்டு கையையும் கூப்பினார். கல்யாணமான நாள் முதல் இவர் யாரையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

கூட்டம் சிரிப்பும் திட்டுமாகக் கலைந்தது. பிளாட்டின் படிக்கட்டில் நாங்கள் படங்களை வரிசையாகச் சாய்த்து வைத்தோம். சிஜு துண்டால் நுரையைத் துடைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தான். முதல் படத்தைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. ஜெசிந்தாவுக்கும் மலர்ந்தது.

“இது எங்க வீடுல்லா! ஜன்னல்ல நான் சாக்கு கெட்டினது கூடத் தெரியுது” என்றான். படத்தைத் தடவிப் பார்த்தான். “நான் நெதமும் சொல்லுகேன், இவ கேக்கமாட்டா சாரே. வீடு இல்லியாம், கடல் கொண்டு போச்சாம். இந்நா இருக்கு, பாத்தியா பிள்ளே?”

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். இதை நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. வீட்டைக் காட்டினால் வீடு போனது புரியும் என்று நினைத்தோம். அவனுக்கு அது, வீடு இருக்கிறது என்பதற்கு சாட்சி ஆகிவிட்டது.

இவர் அடுத்த படங்களை முன்னால் நகர்த்தினார். முன்சுவர் விழுந்த படத்தைப் பார்த்து, “இது மழையில விழுந்தது. அடுத்த சீசனில கெட்டிரலாம்” என்றான். கடைசிப் படத்தில் வெறும் கடல். ஜெசிந்தா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, “இதுல பாருங்க. அதே எடமாக்கும். வீடு உண்டா?” என்றாள்.

சிஜு சிரித்தான். “அது சாருக்க படம்லா? சாருக்க படத்தில நம்ம வீடு எப்பிடி இருக்கும்? எல்லாத்தையும் ஓரத்துக்கு மாத்தின பிறகுதான சாரு எடுப்பாரு.”

“இல்ல சிஜு, இத நான் வெட்டல்ல. இது முழுப் படமாக்கும். உள்ளதாக்கும்” என்றார் இவர்.

சிஜு மரியாதையாகத் தலையாட்டினான். நம்பவில்லை. நின்றுகொண்டிருந்த ஜெயதாஸ் முகத்திலும் ஒரு சிரிப்பு ஓடி மறைந்தது. அவருக்கு வீடு போனது தெரியும். ஆனாலும், தாணு சார் கடலைக் காட்டி இதுதான் உள்ளது என்று சொன்னால் அந்தக் கரையில் யார் நம்புவார்கள்? ஒரு மனிதன் ஆயுசு முழுக்க ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த இடத்துக்கு என்ன ஆனது என்று கேட்டால் அவன் சொல் செல்லுபடியாகவில்லை. எனக்கு இவர் மேல் இருந்த கோபமெல்லாம் கரைந்து, அந்த இடத்தில் பாவமாக இருந்தது. அவர் படங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்.

ஜெசிந்தா பால் இல்லாத கட்டன் சாயா போட்டுத் தந்தாள். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. சிஜு தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

“வா பிள்ளே, போவோம். வீட்டில விளக்கு வைக்கல்ல.”

“இருங்க, சாரு வந்திருக்காருல்லா” என்று ஜெசிந்தா அவன் கையைப் பிடித்தாள். உதறிவிட்டு நடந்தான். கடலில் துடுப்புப் போட்ட உடம்பு, அவளால் ஆகுமா? நாங்கள் பின்னாலேயே ஓடினோம். ஜெயதாஸ் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் தூரத்தில் வடக்கே. சிஜு மணலில் இறங்கி, இடதும் வலதும் பார்க்காமல், முற்றத்தில் நுழைகிறவன் போலத் தண்ணீரில் நுழைந்தான். ஜெசிந்தா சட்டையைப் பிடித்து இழுத்தாள், சட்டை கிழிந்து கையோடு வந்தது. அலை அவன் இடுப்பில் அடித்தது. நான் மாதாவையும் சிவனையும் ஒன்றாகக் கூப்பிட்டேன்.

இவர் தண்ணீருக்குள் போகவில்லை. காத்து நின்ற ஆட்டோவை நோக்கி ஓடினார். பயந்து ஓடுகிறார் என்றுதான் நினைத்தேன், மனசில் ஒரு கெட்ட வார்த்தை கூடச் சொன்னேன். அவர் கேமராவும் ஸ்டாண்டுமாகத் திரும்பி வந்து, மணலில் தன் வழக்கமான இடத்தில் அதை ஊன்றினார். பிறகு தொண்டை கிழியக் கத்தினார்.

“எலே சிஜு! மாறு! மாறி நில்லு! படத்தில வாறே!”

அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதே இல்லை. சிஜு நின்றான். திரும்பிப் பார்த்தான். குற்றம் செய்து பிடிபட்டவன் போல நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“அய்யோ சாரே, நான் பாக்கல்ல” என்று சொல்லிக்கொண்டே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். நேரே கேமராவுக்குப் பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கிழிந்த சட்டையைக் கையில் பிடித்தபடி அலையில் நின்ற ஜெசிந்தாவைப் பார்த்து, “பிள்ளே, நீயும் மாறு. சாரு எடுக்கட்டு” என்று அதட்டினான்.

அவள் ஈரத்தோடு வந்து என் பக்கத்தில் விழுந்தமாதிரி உட்கார்ந்தாள். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். அந்தக் காலத்தில் இவர் போடுகிற சத்தத்துக்குக் கரையே முணுமுணுக்குமாம். சிஜு ஒருவன்தான் தானும் மாறி நின்று மற்றவர்களையும் விரட்டிவிடுவானாம். சாருக்கு ஒரு நல்ல படம் கிடைத்தால் நம்ம கரைக்குத்தானே பெருமை என்பானாம். இவர் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. கேமராவுக்குள் கண்ணை வைத்தபடி நின்றார்.

சூரியன் இறங்கியது. வெளிச்சம் போய்க் கடலும் வானமும் ஒன்றான பிறகு சிஜு கேட்டான்.

“ஆயோ சாரே?”

இவர் ஆச்சு என்று சொல்ல வாயெடுத்தார். ஜெசிந்தா வேகமாகக் கையை ஆட்டினாள்.

“இல்ல. இன்னைக்கு வெளிச்சம் செரியில்ல. நாளைக்குப் பாப்போம்.”

“செரி, நாளைக்கும் மாறி நிக்கேன்” என்று சொல்லிவிட்டு அவன் ஜெசிந்தாவோடு பிளாட்டைப் பார்த்து நடந்தான். இருட்டிவிட்டால் அடங்கிவிடுவான், அந்திதான் ஆகாது என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள்.

மறுநாளும் இவர் போனார். அதற்கு மறுநாளும். முன்பு போனதும் அந்தக் கரைக்குத்தான், இப்போது போவதும் அந்தக் கரைக்குத்தான். பகவதியம்மாள் மதினிக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. முதல் வாரத்தில் ஒரு நாள் இவர் பழக்க தோஷத்தில் பட்டனை அழுத்திவிட்டார். அந்தக் கிளிக் சத்தம் கேட்டதும் சிஜு, “ஆச்சுல்லா, அப்ப நான் வீட்டுக்குப் போறேன்” என்று தண்ணீரைப் பார்த்து நடந்துவிட்டான். இவரும் ஜெசிந்தாவும் வலைக்காரர்களுமாகச் சேர்ந்து இழுத்து வந்தார்கள். அன்றோடு இவர் படம் எடுப்பதை நிறுத்தினார். தினமும் ஸ்டாண்டை ஊன்றுவார், கேமராவை மாட்டுவார், குனிந்து பார்ப்பார், இருட்டும் வரை நிற்பார். எடுக்கமாட்டார்.

“இப்ப சத்தமில்லாத கேமரா எல்லாம் வந்தாச்சு. ஒண்ணு வாங்குங்க. அவனுக்குத் தெரியவா போகுது?” என்று நான் கேட்டேன்.

“எடுத்தா எனக்க மூஞ்சி காட்டிக்குடுத்திரும் சுஜா” என்றார். “அவன் கேமராவையா பாக்கான்? என்னையாக்கும் பாக்கான்.”

நானும் சில நாள் ஸ்டூடியோவைச் சீக்கிரம் பூட்டிவிட்டுக் கூடப் போக ஆரம்பித்தேன். துலா மாதத்தில், ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு நாள், மத்தியானம் பூராவும் இடியோடு பெய்த மழை அந்திக்குச் சற்று முன்னால் சட்டென்று நின்றது. மேற்கே மேகத்துக்கு அடியில் ஒரு முழம் வானம் திறந்தது. அதன் வழியாக வெளிச்சம் கடல் மேல் படுத்தது. தூரத்துக் கடல் கறுப்பு. கரைக்கு வருகிற அலை ஒவ்வொன்றும் உள்ளிருந்து விளக்கு வைத்தது போல எழுந்து, செம்பு நிறத்தில் உடைந்து, ஈர மணலில் வானத்தை விட்டுவிட்டுப் போனது. மழைக்குப் பயந்து எல்லோரும் ஒதுங்கியிருந்ததால் கரையில் ஒரு ஆள் இல்லை, ஒரு வள்ளம் இல்லை. நான் படக்காரி இல்லை, முகம் பிடிக்கிறவள். எனக்கே தெரிந்தது, இத்தனை வருஷம் இந்த மனிதர் இதற்காகத்தான் காத்திருந்தார் என்று.

இவர் கேமராவில் கண் வைத்திருந்தார். வலது விரல் பட்டன் மேல் இருந்தது. அந்த விரலையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எடுங்க என்று சொல்லவும் முடியவில்லை, எடுக்காதீங்க என்று சொல்லவும் முடியவில்லை. ஒரு நாள்தானே, நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம், பிடித்து நிறுத்திவிடலாம் என்று கூட மனசு கணக்குப் போட்டது. ஜெசிந்தாவும் அந்த விரலைத்தான் பார்த்தாள். அவள் சேலை முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, சத்தமில்லாமல் சிஜுவுக்கும் தண்ணீருக்கும் நடுவில் வந்து நின்றாள். ஓட வேண்டிவந்தால் ஓட. சாரே எடுக்காதேயும் என்று அவள் கேட்கவில்லை.

சிஜு கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தான். “கொள்ளாம் சாரே, நல்லா இருக்கு” என்று மெதுவாகச் சொன்னான்.

வெளிச்சம் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு மேகம் இறங்கி அந்த முழ அகலத்தை மூடியது. அலைகள் சாம்பல் நிறமாயின. இவர் விரலை எடுத்துக் கையை மூடிக்கொண்டார்.

“ஆயோ சாரே?” என்று கேட்டான் சிஜு.

இவர் லென்ஸின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன்.

“ஆகல்ல மக்கா. நாளைக்குப் பாப்போம்.”

“விடும் சாரே, இதவிட நல்லது வரும்” என்று அவன் இவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு ஜெசிந்தாவோடு போனான். இரண்டு பேரும் பிளாட்டுக்குத் திரும்புகிற வளைவில் மறையும் வரை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். இவர் அழுதார். நான் ஸ்டாண்டை மடக்கி ஸ்கூட்டரில் கட்டினேன். அன்றைக்கு வண்டியை நான் ஓட்டினேன், அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார்.